சிவப்புப் புள்ளி வைத்த கைப்பிடி

போன செவ்வாய்க்கிழமை உம்மைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. உம்ம மூத்த மகன் உம்ம போட்டோவைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து, "மாமா, நல்ல தேக்குச் சட்டமா போட்டுத் தாங்க, பதினாறாம் நாளுக்கு வேணும்" என்று கொடுத்துவிட்டுப் போனான். கண்ணாடி வெட்டி, அட்டை வைத்து, ஆணி அடித்து, வளையம் மாட்டி, கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டு, ஒரு துண்டால் மூடியும் வைத்தேன். அவன் வந்ததும் மந்திரி சிலை திறக்கிற மாதிரி துண்டை உருவினேன். பையன் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தான். இன்னும் கொஞ்சம் சாய்த்தான். சந்தேகப்பட்டு நானும் அண்ணாந்து பார்த்தேன். சட்டைப் பித்தான் மேலே, வழுக்கை கீழே. அந்த நிலையிலும் நீர் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்.

"பரவால்ல மாமா, அப்பா பாத்தா சிரிச்சிருப்பாவ" என்றான் பையன். சிரித்திருப்பீர். அதோடு விட்டிருப்பீரா? டீக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்து மறுபடியும் சிரித்திருப்பீர்.

வளையத்தைக் கழற்றி மறுபக்கம் மாட்ட ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன். அடி டிராயரைக் குடைந்தபோது அந்தக் கைப்பிடி கையில் தட்டுப்பட்டது. ஒரு சாண் மரத்துண்டு, நடுவில் பிடிக்க வாகாகக் குடைந்தது. மேல் முனையில் ஓட்டை, கீழ் முனையில் ஓட்டை. எது மேல், எது கீழ் என்று பார்த்தால் தெரியாது. ஒரு முனையில் மட்டும் உம்ம கடை வார்னிஷால் வைத்த சிவப்புப் புள்ளி இருந்தது. இருபத்தைந்து வருசத்துக்கு மேல் ஆகியும் அது உரியவில்லை.

டவுணில் நம்ம இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். மோட்டார் ரிப்பேர் செய்கிற உம்ம பக்கத்திலிருந்து எரிந்த கம்பிச்சுருளின், அதாவது காயிலின், வாடை வரும், என் பக்கத்திலிருந்து பசை வாடை போகும். செத்த மோட்டாரை நீர் எழுப்புவீர், செத்த ஆளுக்கு நான் சட்டம் போடுவேன். "ரெண்டு பேருக்கும் தொழில் ஒண்ணுதாம்வே. எனக்குக் கொஞ்சம் கைராசி, அவ்வளவுதான்" என்பீர்.

எல்லாம் என் மகளால் வந்தது. அப்போது அவள் ஏழாம் வகுப்பு. படத்துக்கும் பின் அட்டைக்கும் நடுவில் வைக்க நான் பழைய தாள் வாங்குவேன் அல்லவா, அந்தக் கட்டில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை இருந்தது. வழுவழு தாள். அதில் இரண்டு இஞ்சின் வைத்த சின்ன விமானம் ஒன்று. வானத்தில் இஷ்டத்துக்குப் போகிற ஜாதி இல்லை. இரண்டு மெல்லிய எஃகுக் கம்பியால் கட்டியிருக்கும். நடுவில் ஒருவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அது அவனைச் சுற்றிச் சுற்றி வரும். கைப்பிடியை மேலே சாய்த்தால் வால் அசைந்து விமானம் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். விடாமல் மேலேயே சாய்த்தால் குட்டிக்கரணம் போடும்.

மகள் அந்தப் படத்தைப் பார்த்து, "அப்பா, ஒங்களால இதச் செய்ய முடியுமா?" என்றாள்.

அது சாதாரணக் கேள்வி இல்லை. அவள் கணக்கில் நூறு வாங்குகிறவள். நான் பத்தாம் வகுப்புக் கணக்கை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் கணக்கிடம் தோற்றவன். ஐந்தாம் வகுப்போடு என்னிடம் பாடத்தில் சந்தேகம் கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள். கேட்டால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருசம் கழித்து வந்த முதல் கேள்வி இது. "செஞ்சிரலாம்" என்றேன். சொல்லி முடித்த கையோடு சுவரைத் தட்டி உம்மைக் கூப்பிட்டேன்.

நீர் ஐ.டி.ஐ. படித்தவர், வரைபடம் பார்க்கத் தெரிந்தவர். பக்கத்தை மூக்குக்கு நேரே வைத்து வாசித்துக்கொண்டே வந்தவர், "மிச்சம் எங்கவே?" என்றீர். அடுத்த தாள் இல்லை. யோசித்துப் பார்த்தேன். முந்தின வாரம் பேட்டையில் ஒரு வீட்டுக் கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால் அதை வைத்து அடித்திருந்தேன்.

இரண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போனோம். வீட்டம்மா படத்தையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாத்தான இருக்கு?"

"வெளிய நல்லாத்தான் இருக்கும். உள்ள பூச்சி இருக்கும்" என்றீர்.

"போன வாரம் மாட்டுன படத்துல பூச்சியா?"

"வெளிநாட்டுத் தாளு, வெளிநாட்டுப் பூச்சி."

மாப்பிள்ளையையும் பெண்ணையும் குப்புறக் கிடத்தி, ஆணியைப் பிடுங்கி, தாளை எடுத்துக்கொண்டு, உள்ளூர்த் தாள் வைத்து மறுபடி அடித்துக் கொடுத்தோம். அந்த அம்மா காப்பி வேறு தந்தார்.

அந்தத் தாளில்தான் முக்கியமான விஷயம் இருந்தது. வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எனக்கு விளக்கினீர். "ரெண்டு இஞ்சின்ல உள்பக்கத்து இஞ்சின் நின்னுட்டுன்னு வையும். வெளிப்பக்கத்து இஞ்சின் விமானத்த நடுவுல நிக்க ஆளப் பாத்துத் திருப்பிவிட்டுரும். அதாவது ஒம்ம மேல வரும்."

"ஒம்ம மேல ஏன் வராது?"

"நடுவுல நிக்கப் போறது நீருதானவே?"

ஓட்டுகிறவன் யார் என்பது அப்படித்தான் முடிவாயிற்று.

"அப்ப ஒரு இஞ்சின் போதுமே" என்றேன். "ஒண்ணுன்னா பொம்ம. ரெண்டுன்னாத்தான் விமானம்" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டீர். அந்தப் பத்திரிகைக்காரன் வைத்திருந்தது எண்ணெயில் ஓடுகிற இஞ்சின். "எனக்குக் கரண்டுதான் தெரியும். கரண்டுலயே ஓட்டுவோம்" என்றீர். கோயில் கொடைக்குப் போடுகிற சீரியல் பல்பு மாதிரி இரண்டு மோட்டாரையும் ஒரே வரிசையில் இணைத்தீர். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும், விமானம் போனாலும் ஆள் மிஞ்சும் என்று கணக்கு. என் உயிருக்கு இத்தனை யோசனை செய்த ஒரே ஆள் நீர்தான்.

மேலப்பாளையத்தில் பிள்ளைகள் உடைத்துப் போட்ட, வளைகுடாவிலிருந்து வந்த இரண்டு பொம்மை ரேஸ் காரிலிருந்து மோட்டார் கிடைத்தது. பம்புசெட்டு மோட்டார் சுற்றுகிற அந்தத் தடித்த விரலால், கட்டைவிரல் பருமன் இருக்கிற அந்த மோட்டாரைப் பிரித்து, முடி போன்ற கம்பியால் மறுபடி சுற்றினீர். மூன்று நாள் கடையில் வேறு வேலை ஓடவில்லை. மூச்சு விட்டால் கம்பி அசையும் என்று என்னைப் பக்கத்தில் நின்று பேசக்கூட விடவில்லை.

நானோ என் பங்குக்கு முதல் விமானத்தைத் தேக்கில் செய்து பாலிஷும் போட்டுக் கொண்டுவந்தேன். நீர் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது விமானம் இல்லவே, கட்டில்" என்றீர். இரண்டாவதைக் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்தேன். பஞ்சு மாதிரி இருந்தது.

பாட்டரியை விமானத்தில் வைத்தால் பறக்காது. அதனால் ஸ்கூட்டர் பாட்டரி இரண்டை மகளின் பழைய புத்தகப் பையில் போட்டு என் முதுகில் மாட்டினீர். எஃகுக் கம்பியை ஒட்டியே செம்புக் கம்பி போய் மோட்டாருக்குக் கரண்டு கொடுக்கும். சுவிட்ச் என் இடது கையில். பையில் வாத்துப் படம் ஒன்று இருந்தது, அதையாவது உரித்திருக்கலாம்.

கருப்பந்துறையில் அறுப்பு முடிந்த வயலில் முதல் தடவை விட்டோம். நீர் விமானத்தைக் கையில் ஏந்தி ஓடி, காற்றில் விட்டீர். அது பறந்தது. நிஜமாகவே பறந்தது. வலது பக்கம் பார்க்கிறேன் ஆறு, இடது பக்கம் பார்க்கிறேன் ரயில் பாலம், மறுபடியும் ஆறு, மறுபடியும் பாலம். எட்டாவது சுற்றில் ஆறும் பாலமும் ஒன்றாகிவிட்டன. மல்லாந்து விழுந்தேன். முதுகில் பாட்டரி, கை கால் மேலே. புரட்டிப் போட்ட ஆமை எழுந்திருக்க முடியாது என்று அன்றைக்குத்தான் அனுபவத்தில் அறிந்தேன். நீர் பதறி ஓடி வந்தீர்.

"சிந்திட்டா?"

"இல்ல, எனக்கு ஒண்ணும் ஆகல."

"நான் பாட்டரி ஆசிடக் கேட்டேன்."

ஒரு மாசத்தில் தலைசுற்றல் பழகிவிட்டது. குட்டிக்கரணமும் வந்துவிட்டது. மகள் அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்ல, பாளையங்கோட்டையில் அவள் பள்ளி விளையாட்டு விழா நோட்டீஸில் அச்சாகிவிட்டது. சாக்கு ஓட்டத்துக்கு அடுத்து, பரிசளிப்புக்கு முன்னால், "விமான சாகசம்". கீழே அவள் பெயர், அதற்கும் கீழே அவள் தகப்பன் என்று என் பெயர். அந்த நோட்டீஸுக்குச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன். "காரியம் முடியட்டும்வே, பொறவு மாட்டலாம்" என்றீர். நான் கேட்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரி வயலுக்கு ஒத்திகை பார்க்க வந்தாள். விமானம் நான்கு சுற்றுச் சுற்றி, கரணம் போட்டு, அலுங்காமல் இறங்கியது. அவள் முகம் மலரவில்லை.

"ஏங்க, இது என்ன இடஞ்சுத்திப் போவுது? நல்ல காரியத்துக்கு எவனாவது இடஞ்சுத்துவானா? பிள்ள பேரு போட்டிருக்கு."

அதுவரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றின பிறகு வேறொன்றும் தோன்றவில்லை. உம்மிடம் வந்து, வலம் சுற்றுகிற மாதிரி மாற்றித் தரச் சொன்னேன்.

"வே, நாம என்ன தேரா இழுக்கப் போறோம்?"

"மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு."

"பத்திரிகைக்காரன் இடந்தான் சுத்துதான். அவனுக்கு என்ன ஆயிட்டு?"

"அவனுக்கு ஏழாங்கிளாஸ்ல மக இருக்காளா?"

"சரி. ஒமக்குக் கோட்டி புடிச்சா எனக்கும் புடிச்ச மாதிரிதான்" என்று விமானத்தை வாங்கிக்கொண்டீர். கம்பிகளை இடது றெக்கையிலிருந்து எடுத்து வலது றெக்கை வழியாக விட்டீர். றெக்கை நுனியில் இருந்த ஈயக்குண்டை மறுபக்கம் மாற்றினீர். வாலைத் திருப்பி ஒட்டினீர். பொழுது சாய்ந்துவிட்டது, விட்டுப் பார்க்க நேரமில்லை. கடைசியில் என் கையைப் பிடித்துச் சொன்னீர். "பக்கம் மாறுனதுல ஏத்துத கம்பியும் இறக்குத கம்பியும் மேல கீழ மாறிட்டு, அத மட்டும் மாத்தல. கைப்பிடியில கம்பி முனைய ஈயம் வச்சுப் பத்த வச்சாச்சு. அதனால நாளைக்கு அதத் தலைகீழாப் புடிக்கணும். மேல இருக்கது கீழ. சொல்லும் பாப்போம்."

"மேல இருக்கது கீழ."

"இன்னொரு தடவ."

"நான் என்ன சின்னப்பிள்ளையாவே?"

மறுநாள் மைதானம் நிறைய ஆட்கள். மகள் முதல் வரிசையில், இரட்டைச் சடையும் வெள்ளை ரிப்பனுமாக. பக்கத்துப் பிள்ளையிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். அந்தப் பிள்ளை என் முதுகிலிருந்த வாத்தைப் பார்த்தது. உம்மிடம் பம்பு மோட்டார் கொடுத்திருந்த நாலைந்து விவசாயிகளும் வந்திருந்தார்கள். நீர் தூரத்தில் விமானத்தை ஏந்தி நின்று, வாயால் ஏதோ சொல்லிக்கொண்டே கையைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் காட்டினீர். எனக்கு வாழ்த்துச் சொல்கிறீர் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன்.

சுவிட்சைப் போட்டேன். இரண்டு மோட்டாரும் ஒரே சுருதியில் பாடின. நீர் விட்டீர். கையை அசைக்காமல் வைத்திருந்தேன். நீர் எடை பார்த்து வைத்த அழகுக்கு அது தானாகவே மட்டமாகப் போனது. வலமாகத்தான் போனது. ஒன்றரைச் சுற்று. பிள்ளைகள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. மகள் நிற்கிற இடத்துக்கு நேரே வரும்போது கரணம் போட வேண்டுமென்று, கைப்பிடியை மேலே சாய்த்தேன்.

மேலே போக வேண்டியது நேராகத் தரைக்குள் போனது. ஒரு மாசத்துப் பழக்கத்தில், கைப்பிடியை எப்போதும் பிடிக்கிற மாதிரியே பிடித்திருந்தேன்.

நான் தள்ளாடிக்கொண்டு நிற்கையில் நீர் ஓடிப்போய் அதன் முன்னால் குனிந்தீர். கூட்டத்துக்கு உம்ம முதுகுதான் தெரிந்தது. எழுந்தபோது உம்ம கையில் ஒரு மோட்டார், அதிலிருந்து ஒரு வயர் அறுந்து தொங்கியது. முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தீர். மைக் பிடித்திருந்த பி.டி. வாத்தியாரிடம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னீர்.

"காயில் போயிட்டு சார். என் வேலைதான், என் தப்பு. ஓட்டுனவரு நல்லாத்தான் ஓட்டுனாரு."

சட்டைப் பையில் கட்டிங் பிளேயர் இல்லாமல் நீர் வீட்டை விட்டுக் கிளம்பினதில்லை. அது எனக்குத் தெரியும். காயில் கருகின வாடை எப்படி இருக்கும் என்பதும், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த வாடை வரவில்லை. ஒன்று நின்றால் இரண்டும் நிற்கும்படி நீர் செய்த மோட்டார், மண்ணில் மூக்குப் புதைகிற வரை கத்திக்கொண்டே போனதை நான் கேட்டேன்.

வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் வந்து ஒடிந்த றெக்கையை எடுத்துக்கொண்டாள். "நீங்க நல்லாத்தான் ஓட்டுனீங்கப்பா. மாமா மோட்டாருதான்" என்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். நீர் என் கையிலிருந்த கைப்பிடியை மெதுவாக வாங்கி, கம்பியைச் சுற்றிக் கட்டி எடுத்துப்போனீர்.

மறுநாள் காலையில் அதை என் கல்லாவில் வைத்தீர். ஒரு முனையில் சிவப்புப் புள்ளி, வார்னிஷ் இன்னும் காயவில்லை. "அடுத்த தடவைக்கு ஒரு அடையாளம் இருக்கட்டும்" என்றீர். நான், "சரி" என்றதோடு சரி.

அந்தக் கோடையில் சில பம்பு மோட்டார்கள் உம்ம கடைக்கு வராமல் ஜங்ஷன் கடைகளுக்குப் போயின. டீக்கடையில் ஒருத்தர், "விமானத்து மோட்டாரே போயிட்டாம், எம் மோட்டாரு தாங்குமா அண்ணாச்சி?" என்றார். "ஒம்ம மோட்டாரு பறக்காதுல்லா, தாங்கும்" என்றீர். எல்லாரும் சிரித்தார்கள். நான் டீயில் ஆடையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த அறுப்பு முடிந்ததும் மறுபடி விட்டோம். கம்பியைப் பழையபடி இடது றெக்கைக்கே மாற்றியிருந்தீர், என் வீட்டுக்காரிக்குச் சொல்லவில்லை. புள்ளி மேலே இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்துக்கொண்டேன். நீர், என் மகள், கொஞ்சம் செம்மறி ஆடுகள், அவ்வளவுதான் கூட்டம். இரண்டு கரணம் போட்டது. இரண்டாவதில் ஆடுகள் சிதறி ஓடின.

"மோட்டாரு இப்ப நல்லா இருக்கு மாமா" என்றாள் மகள்.

"ஆமாட்டி, புதுசா சுத்துனேன்."

சுற்றவில்லை. சுற்றியிருந்தால் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டிருக்கும். வெட்டின வயரை ஒட்டினீர், அவ்வளவுதான்.

உம்மை எடுக்கிற அன்று மகள் ஊரிலிருந்து வந்தாள். இப்போது அவள் இஞ்சினியர். உம்ம வீட்டு வாசலில் அழுத கண்ணோடு தன் மாப்பிள்ளைக்குக் கதை சொன்னாள். "இந்த மாமா மோட்டாரு மட்டும் அன்னைக்குப் போகாம இருந்திருந்தா, எங்கப்பா ஊரையே அசத்தியிருப்பாங்க." உம்ம வீட்டுக்கார ஆச்சிகூட அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீர் ஒருத்தர்தான் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் படுத்திருந்தீர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, நான் வளையத்தை மாற்றி மாட்டுகிற நேரம், உம்ம மகன் சுவரில் சாய்த்திருந்த சட்டங்களின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எல்லாத்துலயும் சிவப்புப் புள்ளி வச்சிருக்கீங்களே, எதுக்கு மாமா?"

"தல எது, கால் எதுன்னு தெரியணும்லா. விமானம் விழுந்த வருசத்துலருந்து வைக்கேன்."

"அப்ப அப்பா படத்துக்கு?"

வைக்கவில்லை. மற்ற படங்களுக்கு நான் சட்டத்தைப் பார்த்து வேலை செய்வேன். உம்ம படத்துக்கு முகத்தையே பார்த்துக்கொண்டு செய்துவிட்டேன். டப்பாவைத் திறந்து, உம்ம தலைக்கு நேரே பின்னால் ஒரு புள்ளி வைத்தேன். கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது.

பையன் உம்மைத் துண்டில் சுற்றி வண்டியில் முன்னால் வைத்தான். நான் கடைப்படி இறங்கி வண்டி வரைக்கும் வந்துவிட்டேன். கையில் அந்தக் கைப்பிடி இருந்தது, ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை.

"என்ன மாமா?"

"பாத்துப் பைய போ லே. கண்ணாடி" என்றேன்.

சொல்ல வந்தது அது இல்லை. ஒங்கப்பா சுத்துன மோட்டாரு ரெண்டும், தரையில மோதுத வரைக்கும் நல்லாத்தாம்ல ஓடிச்சு.